காலண்டருக்குப் பின்னால் இருக்கும் எட்டுக்காலி

நான் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது 2016 ஜூலையில். அந்த வருஷம் செப்டம்பரில் ஒரு நாள் நைட் டியூட்டி முடிந்து காலை எட்டரைக்கு வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டுப் படுக்கலாம் என்று குளியலறைக் கதவைத் திறந்தால், வெள்ளைத் தொட்டிக்குள் கறுப்பாக ஒன்று கிடந்தது. முதலில் தலைமுடிச் சுருள் என்றுதான் நினைத்தேன். விளக்கைப் போட்டதும் அது ஓடியது. தொட்டியின் ஓரத்தில் ஏறப் பார்த்து, வழுக்கி விழுந்து, மறுபடியும் ஏறப் பார்த்தது. நான் கதவைச் சாத்திவிட்டு, குளிக்காமலேயே, யூனிபார்மோடு கட்டிலில் போய் உட்கார்ந்தேன்.

ஊரில் எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், அருமனைக்குப் பக்கத்தில். ஓட்டு வீடு, பின்னால் ரப்பர், கிணற்றடியில் வாழை. சிலந்தி என்ற சொல்லை நாங்கள் பாடப்புத்தகத்தில்தான் படித்தோம், வீட்டில் எட்டுக்காலிதான். சிலந்தி என்றால் எங்கள் அம்மச்சிக்கு உடம்பில் வரும் கட்டி. அடுக்களையில் அம்மிக்கு மேலே உள்ள சுவரில், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஏதாவது ஒரு பெரிய எட்டுக்காலி இருந்துகொண்டுதான் இருந்தது. ஒன்று போனால் இன்னொன்று வரும். விரித்த கை அளவு இருக்கும். அதற்குக் கீழே உட்கார்ந்து தேங்காய் துருவி, அதற்குக் கீழே சோறு தின்று வளர்ந்தவள் நான். ஒரு நாள்கூடப் பயந்ததாக ஞாபகம் இல்லை.

அன்றைக்கு வீடியோ காலில் அம்மாவிடம் சொன்னபோது அம்மாவும் அதைத்தான் கேட்டாள். "இதுக்கா மக்களே பேடிச்ச? நம்ம அடுக்களையில கெடக்கதுல பாதிகூட இல்லியே." எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அழுகை வந்தது. வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, வீட்டுக்காரருக்கு விசா வரவில்லை, பழைய செங்கல் வீட்டில் ஒற்றை அறையில் தனியாக இருந்தேன். வார்டில் ஒரு நோயாளி பேசியதில் பாதி புரியாமல் அதே வாரம் திட்டும் வாங்கியிருந்தேன். எட்டுக்காலியைப் பார்த்துதான் பயந்தேனா, மற்றதெல்லாம் சேர்ந்து அந்தத் தொட்டிக்குள் வந்து கிடந்ததா என்று இப்போதும் எனக்குத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று உண்மை. ஊரில் இருப்பது சுவரில் இருக்கும். அதற்கென்று ஓர் இடம் உண்டு, அந்த இடத்தில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நாம் வேலையைப் பார்க்கலாம். லீட்ஸில் உள்ளது தரையில் ஓடுகிறது. ராத்திரி விளக்கை அணைத்து டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது சோபாவுக்கு அடியிலிருந்து கிளம்பி, கார்ப்பெட்டில் கோடு போட்ட மாதிரி நேராக ஓடி, நடுவில் திடீரென்று நிற்கும். விநாடிக்கு அரை மீட்டர் அளவு ஓடக்கூடியது, ஒரு காலத்தில் கின்னஸ் புத்தகத்தில் மிக வேகமான சிலந்தி என்று இதன் பேர்தான் இருந்தது. வேகமாக ஓடுவதைவிட அந்த நிற்பதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று தோன்றும். உண்மையில் அதற்கு மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான், நீண்ட தூரம் ஓட அதற்குத் தெம்பு கிடையாது.

வீட்டைப் பார்த்துக்கொண்ட ஏஜென்சிக்குப் போன் செய்தேன். எல்லா வீட்டிலும் வரும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். கூட வேலை பார்த்த ஒரு நர்ஸ் அக்கா, பை நிறைய கான்கர் கொண்டுவந்து தந்தார். அது பளபளவென்று பழுப்பாக இருக்கும் ஒரு மரத்தின் விதை, இலையுதிர் காலத்தில் அங்கே தெருவெல்லாம் கிடக்கும். அதை வாசலிலும் ஜன்னலிலும் வைத்தால் சிலந்தி அண்டாது என்பது அந்த ஊர் நம்பிக்கை. நானும் வரிசையாக அடுக்கி வைத்தேன். இரண்டாம் நாள் அந்த வரிசைக்குப் பக்கத்திலேயே ஒன்று நடந்து போனது.

அப்புறம் நான் செய்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தத் தொட்டியில் விழுந்ததை அன்று சாயங்காலம் வேக்குவம் கிளீனர் போட்டு உறிஞ்சினேன். மறுநாள் தூசிப் பையைத் தட்டும்போது அது எட்டுக் காலையும் உள்ளே மடக்கிச் சுருண்டு கிடந்தது. ஏன் செத்த சிலந்தியெல்லாம் இப்படிச் சுருண்டு கிடக்கிறது என்று அன்றைக்குத்தான் தேடிப் படித்தேன். காலின் முக்கியமான மூட்டுகளில் அதற்கு மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை கிடையாது. உடம்புக்குள் இருக்கும் திரவத்தை அழுத்தித் தள்ளித்தான் காலை நீட்டுகிறது. உயிர் போனால் அந்த அழுத்தம் போய்விடும், கால் தானாக மடங்கிவிடும். தினமும் இருபது பேருக்கு பிரஷர் பார்க்கிற எனக்கு அதைப் படித்தபோது மனசு என்னவோ செய்தது. அதற்குப் பிறகு நான் ஒன்றையும் கொல்லவில்லை.

படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, செப்டம்பரில் வீட்டுக்குள் ஓடுவதெல்லாம் பெரும்பாலும் ஆண். பெண் சிலந்தி கார் ஷெட்டிலோ அலமாரிக்குப் பின்னாலோ ஒரு மூலையில் படுதா மாதிரி வலை விரித்து, அதன் கடைசியில் குழாய் போல ஒரு பொந்து வைத்து, அதற்குள்ளேயே இருக்கும். ஆண் பருவத்துக்கு வந்ததும் தன் வலையை விட்டுவிட்டு அவளைத் தேடிக் கிளம்பும். கண்டுபிடித்தால் சில வாரம் அவளோடு அதே வலையில் தங்கும், பிறகு செத்துப்போகும். என் குளியல் தொட்டியில் விழுந்தது அப்படிப் புறப்பட்டு வழி தவறிய ஒன்று. சாக்கடைக் குழாய் வழியாக ஏறி வருகிறது என்று பலர் சொல்வார்கள், அப்படி இல்லை. வளைந்த குழாயில் தண்ணீர் நிற்கும், அதைத் தாண்டி வராது. மேலேயிருந்து விழுவதுதான். விழுந்தால் ஏற முடியாது, ஏனென்றால் அதன் கால் நுனியில் வழுவழுப்பைப் பிடிக்கிற முடிக்கற்றை இல்லை. எங்கள் ஊர் எட்டுக்காலிக்கு உண்டு. அதனால்தான் அது கண்ணாடி ஜன்னலில்கூட பல்லி மாதிரி ஏறிப் போகும்.

அடுத்த வருஷத்திலிருந்து தொட்டியின் ஓரத்தில் ஒரு பழைய டவலைத் தொங்கவிட்டுவிடுவேன். அதைப் பிடித்து ஏறிக்கொள்ளும். நடுஹாலில் வந்தால் ஒரு டம்ளரைக் கவிழ்த்து, அடியில் வாழ்த்து அட்டையைச் சொருகி, பின்பக்கத்து ஷெட்டில் கொண்டுபோய் விடுவேன். முதல் தடவை கை நடுங்கியது. மூன்றாம் வருஷம் மகள் வயிற்றில் இருக்கும்போதுகூட நான்தான் விட்டேன், அதற்குள் வந்து சேர்ந்திருந்த வீட்டுக்காரருக்கு இன்னமும் பயம். 2018-ல் மகள் பிறந்தாள். அவள் பேசத் தொடங்கியதிலிருந்து செப்டம்பர் என்றால் எங்கள் வீட்டில் டம்ளரும் அட்டையும்தான். "அது பொண்டாட்டியத் தேடிப் போகுது" என்று நான் சொல்லிக் கொடுத்ததை அவள் நர்சரியில் போய் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள்.

2023 மே மாதம் நாங்கள் ஊருக்கே திரும்பிவிட்டோம். அப்பாவுக்கு முடியவில்லை, அதுதான் காரணம். எனக்கு அது வீட்டுக்கு வருவது. மகளுக்கு அது வேறு நாடு. அதை நான் முதலில் யோசிக்கவே இல்லை.

ஜூன் மழை பிடித்த முதல் வாரம், ராத்திரி பாத்ரூமுக்குப் போனவள் அலறினாள். ஓடிப் போனால், வாளிக்கு மேலே சுவரில் ஒரு பெண் எட்டுக்காலி, கால் விரிப்பு நான்கு அங்குலத்துக்குக் குறையாது, மழைக்கு உள்ளே வந்திருக்கிறது. மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நம்ம வீட்டுக்குப் போலாம், லீட்ஸுக்குப் போலாம் என்று ஏங்கி ஏங்கி அழுதாள். லீட்ஸ் சிலந்தியைக் கையால் தொடத் துணிந்த பிள்ளை. எனக்கு அந்தப் பழைய செப்டம்பர் காலை அப்படியே கண்முன் வந்தது. என் அம்மா என்னைக் கேட்ட கேள்வியை நான் அவளிடம் கேட்கவில்லை. அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசல் திண்ணையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு மாமி மறுநாள் வந்து, அடிச்சுப் போடு பிள்ளே, அது மூத்திரம் பெய்தால் உடம்பெல்லாம் பொள்ளும் என்றார். இந்தப் பேச்சை நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன், நர்ஸாக இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது: எட்டுக்காலி மூத்திரத்தால் யாருக்கும் பொள்ளாது. மழைக்காலத்தில் விளக்குக்கு வரும் ஒரு சின்ன வண்டு இருக்கிறது, எறும்பு மாதிரி நீளமாக, சிவப்பும் கறுப்புமாக இருக்கும், பெடரஸ் என்று பேர். தூக்கத்தில் அது தோலோடு நசுங்கினால் அதன் உடம்புச் சாறு பட்டு, மறுநாள் கோடு கோடாகக் கொப்புளம் வரும். இன்னும் சில பேருக்கு வந்திருப்பது அக்கி. இரண்டுக்கும் பழி எட்டுக்காலிக்கு. அக்கி என்றால் சீக்கிரம் டாக்டரைப் பார்க்க வேண்டும், எட்டுக்காலி என்று விட்டுவிட்டால் நாள் கடந்துவிடும், என் கவலை அதுதான். எட்டுக்காலியைக் கையால் பிடித்து நசுக்கப் போனால் கடிக்கும், வலிக்கும், வீங்கும், பிறகு சரியாகிவிடும். வீட்டில் பயப்பட வேண்டியது செருப்புக்குள் இருக்கும் பூரானுக்கும் விறகுக்குள் இருக்கும் பாம்புக்கும்.

அம்மா மாமிக்குச் சொன்ன பதில் சுருக்கம். "கெடக்கட்டு. கரப்பான் பிடிக்கும்லா." அதுதான் அது செய்கிற வேலை. வலை கட்டாது, பகலெல்லாம் தட்டையாக எதற்காவது பின்னால் ஒட்டிக்கொண்டு கிடக்கும், ராத்திரி வெளியே வந்து அசையாமல் காத்திருந்து கரப்பான் மேல் பாயும்.

மகளுக்கு நான் இன்னொன்று சொன்னேன், அதுதான் அவளைக் கொஞ்சம் மாற்றியது என்று நினைக்கிறேன். இந்த எட்டுக்காலியும் கப்பல் ஏறியதுதான். ஆசியாவிலிருந்து வாழைக்குலைக்குள்ளும் சரக்குக்குள்ளும் ஒளிந்து உலகத்தில் வெயில் உள்ள துறைமுகம் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது, வெளிநாட்டில் இதற்கு வாழைப்பழச் சிலந்தி என்றே பேர். ஸ்வீடன் நாட்டு அறிவியலாளர் லின்னேயஸ் 1767-லேயே இதற்கு அறிவியல் பேர் வைத்துவிட்டார். இங்கிலாந்துக்கும் வாழைப்பழப் பெட்டியில் எப்போதாவது போய் இறங்குவது உண்டு, ஆனால் வெளியே அந்தக் குளிர் அதற்குத் தாங்காது. "பாவம், ஹீட்டர் போட்டா இருந்திருக்குமா?" என்று கேட்டாள். சூடு இருக்கிற கட்டடத்துக்குள் என்றால் இருந்துவிடும் என்றேன். அன்றைக்கு அவள் அப்பா மார்த்தாண்டத்திலிருந்து ஒரு மட்டி வாழைக்குலை வாங்கி வந்து அடுக்களையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அவள் டார்ச் அடித்து ஒவ்வொரு சீப்பாகப் பார்த்தாள்.

ஜூலையில் அது பாத்ரூமிலிருந்து ஹாலுக்கு மாறியது. அல்லது வேறொன்றாக இருக்கலாம், எங்களுக்கு அதுதான் என்று எண்ணம். ஒரு நாள் ராத்திரி பார்த்தால் வயிற்றுக்கு அடியில் வெள்ளையாக, வட்டமாக, சின்னப் பப்படம் மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. முட்டைப் பை. ஒரு ரூபாய் நாணயம் அளவு இருக்கும், உள்ளே நூற்றுக்கு மேல் முட்டை இருக்கும். அதை எங்கேயும் வைத்துவிட்டுப் போகாது, பொரியும்வரை தூக்கிக்கொண்டேதான் இருக்கும். மகள் வாசற்படியில் நின்று, உள்ளே வராமல், ரொம்ப நேரம் பார்த்தாள். அடுத்த நாள் இரண்டு அடி உள்ளே வந்தாள். அதற்கடுத்த நாள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பகலில் அது எங்கே போகிறது என்று அவள்தான் கண்டுபிடித்தாள், ஹாலில் ஆணியில் தொங்கும் தினசரி காலண்டருக்குப் பின்னால்.

இன்று காலை அப்பா வழக்கம்போலக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதி கிழிக்க எழுந்து போனார். மகள் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் வாய் நிறைய நுரையோடு ஓடி வந்து அவர் கையைப் பிடித்தாள். "பாட்டா, மெதுவா கிழி."