தோலாவிரா: அந்தக் குளத்துக்காகவே போகலாம்

குஜராத்தின் கட்ச் பகுதியில் இருக்கும் சிந்துவெளி நகரமான தோலாவிராவைப் பார்த்துவிட்டு நேற்று ராத்திரிதான் புஜ் ஊருக்குத் திரும்பினேன். போகும் வழி, செலவு, தங்குமிடம் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மனசு முழுக்க அங்கே பார்த்த குளம்தான் நிற்கிறது.

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். போனில் 4,500 ரூபாய்க்கு ஒப்புக்கொண்ட கார்க்காரர், காவ்டா கிராமம் தாண்டி, ரண் என்ற உப்புப் பாலைவனத்தின் நடுவே போகும் சாலையில் ஏறியதும் 6,000 என்றார். இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை உப்பு. இறங்கி எங்கே போவது? கொடுத்தேன். இது அநியாயம். பேசிய தொகையை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்காமல் வண்டியில் ஏறாதீர்கள். அந்த 1,500 இருந்திருந்தால் தோலாவிராவிலேயே ஓர் இரவு தங்கியிருப்பேன்.

சரி, குளம். கிழக்கு நீர்த்தேக்கத்தின் விளிம்பில் நின்றால் வாயடைத்துப் போகும். நீளம் 73 மீட்டர், அகலம் 29 மீட்டர். மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தைப் படத்தில் பார்த்து வியந்தவன் நான். இது அதைவிட எவ்வளவோ பெரியது. ஊரின் இருபுறமும் மன்சர், மன்ஹர் என்று இரண்டு ஓடைகள், மழைக்காலத்தில் மட்டும் ஓடுபவை. குறுக்கே அணை போட்டு, அந்தத் தண்ணீரை ஊரைச் சுற்றி வெட்டிய தேக்கங்களில் நிரப்பியிருக்கிறார்கள். கோட்டை மேட்டில் விழுந்த மழையைக்கூட விடவில்லை. அதற்கென்று ஆள் நடந்துபோகும் அளவுக்குக் கல் வடிகால். உப்புப் பாலைவனத்தின் நடுவே, செங்கல்லை நம்பாமல் கல்லை அடுக்கி, கோட்டை, நடு நகரம், கீழ் நகரம் என்று பிரித்து வாழ்ந்திருக்கிறார்கள். இவ்வளவு வேலைக்கு எத்தனை பேர் ஒரே சொல்லுக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும்!

வடக்கு வாசலில்தான் ஜிப்சம் துண்டுகளால் பதித்த பத்து எழுத்துப் பலகை கிடைத்தது. மரம் மக்கிவிட்டது, எழுத்துகள் தங்கிவிட்டன. இன்னும் யாராலும் படிக்க முடியவில்லை. 1990இல் தொல்லியலாளர் ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையில் தொடங்கிய அகழாய்வு இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தது. 2021இல் தோலாவிரா யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இருந்தும் அங்கே விளக்கப் பலகைகள் போதவே போதாது. படித்துவிட்டுப் போகாதவருக்கு எல்லாம் வெறும் கல்லாகத்தான் தெரியும்.

மதியம் ஊருக்குள் ஒரு வீட்டில் சாப்பாடு. சுடச்சுடக் கம்பு ரொட்லா, மேலே உருகும் வெண்ணெய், சுட்ட கத்தரிக்காய் மசியல், வெல்லம், சொம்பு நிறைய மோர். 150 ரூபாய். இந்தப் பயணத்தில் மனநிறைவோடு கொடுத்த காசு அதுதான்.

திரும்பும்போது ஒன்று கவனித்தேன். பெருநகரம் அழிந்த பிறகு, கடைசியாக அங்கே குடியேறியவர்கள் வட்ட வீடு கட்டியிருக்கிறார்கள். அந்த அடித்தளங்களைப் பார்த்துவிட்டு வந்தேனா, சாயங்காலம் காவ்டா பக்கம் புங்கா வீடுகள்: அதே வட்டம், மண்சுவர், கூம்புக் கூரை. வாசலில் ஓர் அம்மா குடத்தோடு நின்றிருந்தார்.