பீரோ சாவியும் பியாஜே தாத்தாவும்

எங்கள் வீட்டுப் பீரோ சாவிக்கு நாற்பது வருஷமாக ஒரே விலாசம், என் அம்மாவின் இடுப்பு. குளிக்கப் போகிறபோது மட்டும் தலையணைக்கு அடியில் போகும். போன ஆவணி முகூர்த்தத்தன்று காலை ஆறரை மணிக்கு ரெண்டு இடத்திலும் அது இல்லை. ஒன்பதரைக்குக் கல்லிடைக்குறிச்சியில் தாலிகட்டு. பட்டுச்சேலை, நகை, மொய்ப்பணம் எல்லாம் பீரோவுக்குள். நாங்கள் பாளையங்கோட்டையில், நைட்டியும் சாரமுமாக.

இதில் என் பங்கைச் சொல்ல ரெண்டு மாசம் பின்னால் போகவேண்டும்.

மகளுக்கு எட்டு மாசம் ஆனபோது ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு ஒரு மரப்பெட்டி வாங்கினேன். மேலே வட்டமாக ஒரு துளை, கீழே ஒரு டிராயர், கூட ஒரு மரப்பந்து. பந்தைத் துளையில் போட்டால் காணாமல் போகும். டிராயரை இழுத்தால் உள்ளே கிடக்கும். அவ்வளவுதான் விளையாட்டு.

அம்மா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கோயில் உண்டியல் மாதிரில்லா இருக்கு."

"உண்டியல்ல போட்டா திரும்பி வருமாம்மா?" என்று கேட்டுவிட்டு வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். கைக்குழந்தைக்குக் கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாத பொருள்தான். எட்டு மாச வாக்கில்தான் 'மறைஞ்சு கிடக்கு, தேடுவோம்' என்ற புத்தி வருகிறது என்று குழந்தைகளின் புத்தி வளர்வதை ஆராய்ந்த சுவிட்சர்லாந்துக்காரர் ஜீன் பியாஜே சொல்லியிருக்கிறார். (அதற்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிடும் என்று பிறகு வந்தவர்கள் மல்லுக்கட்டியதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. 1,800 ரூபாய் போட்டிருக்கிறேன்.) பெட்டி, பிள்ளைகள் கையால் செய்தே கற்கவேண்டும் என்ற இத்தாலிக்காரம்மா மாண்டிசோரியின் வழியில் வந்தது, அந்தம்மா 1939இல் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பாடம் எடுத்தவர் என்றும் சொன்னேன்.

"நான் முந்தானைய மூஞ்சில போட்டு 'ஆச்சியக் காணோம்'னு பண்ணுதேம்லா, அது என்னலே? அதுக்கு எம்புட்டு ரூவா?" என்றாள் அம்மா.

அடுத்த வாரமே போட்டிக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பை நிறைய சொப்பு சாமான் இறங்கியது. அடுப்பு, குடம், அம்மி, திருவை, உரல், அதற்கு விரல் நீள உலக்கை. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக அரக்கு பளபளத்தது. எனக்கே எடுத்து விளையாட ஆசைதான். ஆனால் நான் ஸ்கேலோடு உட்கார்ந்தேன். பொம்மைகளைச் சோதிக்கிற 31.7 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குழாய்க்குள் முழுசாக அடங்குகிற எதையும் மூணு வயசுக்குள்ள பிள்ளை கையில் கொடுக்கக்கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்பது விதி. பாதிச் சொப்பு தோற்றது. பையோடு ஸ்லாப்பில் ஏற்றினேன். அம்மா ரெண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

பத்தாவது நாள் பெட்டியின் பந்து வாசல் சாக்கடையில் விழுந்தது. பந்து மட்டும் தனியாகத் தரமாட்டார்களாம். வேறு வழியில்லாமல் நானும் அம்பாசமுத்திரத்துக்கே பஸ் ஏறினேன். பட்டறையில் பெரியவர் ஒருத்தர் கடைசல் எந்திரத்தில் தைலமரக் கட்டையை மாட்டி உளியை வைத்தார். முன்னெல்லாம் மஞ்சக்கடம்பில் கடைந்த வேலையாம். சுருள் சுருளாகச் சீவல் பறந்து, கட்டை உருண்டையானது. சுற்றுகிற உருண்டையில் சிவப்பு அரக்குக் கட்டியை அழுத்தினார். உரசுகிற சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறியது. பிறகு தாழை ஓலையை மடித்து ஒரு தேய்ப்பு, முகம் தெரிகிற மினுக்கம். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் கால்வாசிகூட ஆகவில்லை. நாற்பது ரூபாய். வீட்டில் அம்மா பந்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சரி, சாவிக்கு வருவோம். மெத்தையைப் புரட்டினோம். அரிசிப் பானைக்குள் கைவிட்டோம். குப்பையைக் கொட்டி விளக்குமாற்றுக் குச்சியால் கிளறினேன். "அத்தை, கடைசியா எங்க வச்சீங்க?" என்று என் வீட்டுக்காரி கேட்க, "வச்ச எடம் தெரிஞ்சா நான் ஏன் தேடுதேன்?" என்று அம்மா சொல்ல, அந்த உரையாடல் அதற்குமேல் வளரவில்லை. பக்கத்து வீட்டு மதினி, "சாஸ்தாவுக்கு ஒரு ரூவா முடிஞ்சு வைங்க, தானா கிடைக்கும்" என்றாள். மஞ்சத்துணியில் முடிய ஒரு ரூபாய் நாணயம் தேடினோம். அதுவும் கிடைக்கவில்லை.

இதற்கு நடுவில் பாப்பா ஸ்லாப்பைப் பார்த்துப் பார்த்து "தா, தா" என்று அழுகை. வயிற்றுவலி என்று ஓமத்தண்ணி கொடுத்தோம். துப்பினாள். கண்ணேறு என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். எல்லாருக்கும் தும்மல் வந்ததுதான் மிச்சம். மேலே பல்லி இருக்கிறதோ என்று நான் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

அம்மாதான் பிடித்தாள். "சொப்புக்குல்லா அழுதா! எறக்குலே அந்தப் பைய."

இறக்கினேன். பாப்பா அம்மியை ஒரு பக்கமும் குடத்தை ஒரு பக்கமும் வீசிவிட்டு மறுபடியும் மேலே பார்த்தாள். பைக்குப் பின்னால் மரப்பெட்டி. விடியக்காலம் அஞ்சு மணிக்கு, அம்மா குளிக்கப் போன நேரம், பாப்பா அதைத் தட்டித் தட்டி என் தூக்கத்தைக் கெடுத்தாள் என்று பாதிக் கண்ணில் பிடுங்கி மேலே வைத்தவன் நான்தான்.

பெட்டியை எடுத்தபோதே உள்ளே கிலுங்கியது. டிராயரை இழுத்தால் பாதியில் நின்றது, சாவி வளையம் குறுக்கே மாட்டியிருந்தது. கவிழ்த்து ரெண்டு குலுக்கு. பீரோ சாவி விழுந்தது, கூடவே ஒரு ஒரு ரூபாயும். நாணயத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது 31.7க்குள் தாராளமாக அடங்கும்.

பாப்பா கைதட்டிச் சிரித்தாள்.

"ஏல, உன் பெட்டி பிள்ளைக்கு நல்லாத்தான் படிச்சுக் குடுத்திருக்கு" என்றாள் அம்மா, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே. "நீயும் ரெண்டு நாள் உக்காந்து விளையாடு."

தாலிகட்டு முடிந்து ரெண்டாம் பந்திக்குப் போய்ச் சேர்ந்தோம். பாயசம் இருந்தது.

நேற்று என் பைக் சாவியைக் காணோம். யாரிடமும் கேட்கவில்லை, நேரே போய் டிராயரை இழுத்தேன். சிவப்புப் பந்துதான் இருந்தது. பாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அப்புறம் மெதுவாக வாசல் பக்கம் திரும்பினாள்.

சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.