கொடுங்கரைப்பள்ளத்தில் கள ஆய்வு: கரைக்கு ஒரு கடிதம்

ஆனைகட்டிப் பக்கம் கொடுங்கரைப்பள்ளத்துக்கு ஒரு கரை தமிழ்நாடு, மறு கரை கேரளம். பவானியில் போய்ச் சேரும் ஓடைதானே, நீரை ஆய்வு செய்ய வனத்துறை அனுமதிக்கு விண்ணப்பம் ஒன்று போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஒரு மாணவர் குழுவின் கோப்பு மாட்டிக்கொண்டதே அதில்தான். இரண்டு கரையையும் சேர்த்து வளைத்திருந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "பாதி இடம் அவங்களோடது, அவங்க கடிதம் எங்கே?" என்றார் வனத்துறை அலுவலக எழுத்தர். எல்லை தாண்டிப் போனால் அங்கேயும் அதே கேள்வி. முதலில் யார் கொடுப்பது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

வரைபடத்தைக் கரைவாரியாகப் பிரித்து, இரண்டு தனி விண்ணப்பமாகப் போட்ட பிறகே கோப்பு நகர்ந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையோடு, அது காப்புக்காடா, வருவாய்த்துறை நிலமா, பட்டாவா என்று எழுதுங்கள். பட்டா என்றால் சொந்தக்காரரின் சம்மதக் கடிதம் வேண்டும். எதை, எவ்வளவு எடுப்பீர்கள் என்பதும் இருக்கட்டும்: புள்ளிக்கு 300 மில்லி நீர், பூச்சிகளை வெள்ளைத் தட்டில் இட்டுப் படம் எடுத்து ஓடையிலேயே விடுவோம், மீன் பிடிக்க மாட்டோம். உத்தரவு கைக்கு வந்ததும் நகலை வனச்சரக (ரேஞ்ச்) ஆபீசில் நீங்களே கொடுத்துவிடுங்கள். "மேலேயிருந்து தபால் வரலை" என்று திருப்பி அனுப்பினால் ஒரு நாள் போச்சு.

ஜூனில் போவதில் பயனில்லை. மேற்கே முக்காலி என்ற ஊரில் மழை கொட்டும், ஓடை இருக்கும் கிழக்கு அட்டப்பாடியோ மழைமறைவு. ஓட்டம் பார்க்க அக்டோபர், நவம்பர்தான்.

சோதனைச்சாவடியில், ஆக்சிஜன் சோதனைக்குக் கொண்டுபோகும் கந்தக அமில பாட்டிலுக்கு விளக்கம் கேட்பார்கள். துறைத்தலைவர் கையெழுத்தோடு, அளவு குறித்த ரசாயனப் பட்டியல் கையில் இருக்கட்டும்.

நீரில் கரைந்த ஆக்சிஜனை, ரசாயனம் சேர்த்து அளக்கும் வின்க்ளர் முறையில் பார்ப்பதாக இருந்தால் பாட்டிலை நீருக்கடியிலேயே நிரப்பி மூடுங்கள். ஒரு குமிழி தங்கினாலும் அளவு கூடிவிடும். மாங்கனீஸ் சல்பேட், கார அயோடைடு இரண்டையும் ஓடைக்கரையிலேயே சேர்த்துவிட வேண்டும். விடுதிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்த நீர் வீண்தான். காலை ஒரு புள்ளி, மதியம் ஒரு புள்ளி என்று எடுத்து ஒப்பிடவும் முடியாது; வெயில் ஏற ஏறப் பாசி ஆக்சிஜன் விடும். எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே நேரம், வேறு வேறு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீரோட்ட வேகத்துக்குப் பிங்பாங் பந்து வேண்டாம், காற்று தள்ளிவிடும். ஆரஞ்சுப் பழம் முக்கால்வாசி முங்கி மிதப்பதால் நீரோடு போகும். நேராக ஓடும் 10 மீட்டரில் பல முறை விட்டுச் சராசரி எடுத்து, 0.85 ஆல் பெருக்குங்கள். மேற்பரப்பு வேகத்தை அப்படியே எழுதினால் ஓட்டம் கூடுதலாகக் காட்டும்.

மூன்று மணிக்கு மூட்டை கட்டிவிடுங்கள். அந்தியில் யானை தண்ணிக்கு வரும் இடம்.

உத்தரவின் நிபந்தனைகளில் ஆய்வறிக்கை நகலும் கேட்டிருப்பார்கள், பலர் கண்டுகொள்வதில்லை. கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்குங்கள். அடுத்த வருடம் வரும் மாணவர்கள் தங்கள் விண்ணப்பத்தோடு முதல் இணைப்பாக வைக்க அது உதவும்.