அந்துப்பூச்சியின் மோப்பம்: நெட் தேர்வுக்கு நான் படித்த விதம்

லைஃப் சயின்ஸ் நெட் தேர்வுக்கு (உதவிப் பேராசிரியர் வேலைக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வு) படிக்கிறவர்கள் பலர் பூச்சிகளின் மோப்பத்தைப் 'பெரமோன்' (ஒரே இனத்துக்குள் செய்தி சொல்லும் மணப்பொருள்) என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். நான் பரிணாமப் பாடம் முழுவதற்கும் இதையே உதாரணமாக வைத்துக்கொண்டேன்.

முதலில் பட்டுப்பூச்சி, அதுவும் ஒரு அந்துப்பூச்சிதான். சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து, ஆணைக் கவரும் மணப்பொருளான பாம்பிகாலைப் பிரித்து, 1959-இல் ஜெர்மன் வேதியியலாளர் பியூட்டனன்டின் குழு அறிவித்தது. முதலில் இனங்காணப்பட்ட பெரமோன் அதுதான். முடிந்தால் நேரிலேயே பாருங்கள்; தருமபுரி, ஓசூர் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் நிறையப் பேர். ஆணுக்குப் பக்கத்தில் பெண்ணை வைத்தால், பறக்க முடியாத அந்த ஆண் சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு வளைந்து வளைந்து நடந்து வரும். கைலென்ஸில் பார்த்தால் இரண்டுக்குமே சீப்புப் பல் போன்ற உணர்கொம்புதான். ஆனால் பெண்ணுக்குத் தன் பாம்பிகாலே மணக்காது. அதை உணரும் ஏற்பி, அதாவது மணப்பொருளைப் பிடிக்கும் புரதம் (பிஎம்ஓஆர்1, 2004-இல் கண்டறிந்தது), ஆணின் கொம்பில்தான் இருக்கிறது.

அப்புறம், மதிப்பெண் போகும் இடம். நம் மூக்கில் இருப்பவை ஜி-புரதத்தோடு (செல்லுக்குள் செய்தி கடத்தும் புரதம்) இணைந்த ஏற்பிகள். பூச்சியின் ஏற்பியும் செல் சவ்வை ஏழு முறை கடக்கிறது, ஆனால் தலைகீழாக. ஆர்கோ என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்து அதுவே அயனிகள் உள்ளே நுழையும் வாயிலாகத் திறக்கிறது. இரண்டுக்கும் உறவில்லை, பூச்சியுடையது சுவை ஏற்பிக் குடும்பத்திலிருந்து கிளைத்தது. மரபணு இரட்டிப்பாகி, ஒரு நகல் பழைய வேலையைப் பார்க்க, இன்னொன்று மாறி வேறு மணத்தைப் பிடிக்கத் தொடங்குகிறது. இப்படித்தான் ஏற்பிகள் பெருகின.

'அந்துப்பூச்சி மோப்பத்தால் வாழும், வண்ணத்துப்பூச்சி பார்வையால் வாழும்' என்று கைடுகளில் இருக்கும். பாதிதான் சரி. வண்ணத்துப்பூச்சி, சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் பகலுக்கு மாறிய ஒரு அந்துப்பூச்சிக் கிளை. பகல் வந்ததும் மோப்பம் தேய்ந்திருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் 2012-இல் ஹெலிகோனியஸ் என்ற வண்ணத்துப்பூச்சியின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது சுமார் 70 மோப்ப ஏற்பி மரபணுக்கள் கிடைத்தன, பட்டுப்பூச்சிக்குக் குறைவில்லை. முட்டையிடும் செடியைத் தேர மணம் வேண்டுமே. நம்மூர் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் ஆண்கள் காய்ந்த தேள்கொடுக்குச் செடியை மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே உறிஞ்சும் ஆல்கலாய்டு என்ற செடி வேதிப்பொருளிலிருந்துதான் பெண்ணைக் கவரும் மணப்பொருளைச் செய்கின்றன.

மரபணு எண்ணிக்கைகளை மனப்பாடம் செய்யாதீர்கள். ஆய்வுக்கு ஆய்வு மாறும். ஒரே தாளில் பரிணாம மரம் வரைந்து, எந்தக் கிளையில் ஆர்கோ, எதில் பெரமோன் ஏற்பி, எங்கே பகல்வாழ்வு என்று குறித்துக்கொள்ளுங்கள். நெட் வினாத்தாளின் பகுதி சி கேள்விகளுக்கு அந்தத் தாள் உதவும்.