முன்காவல் கப்பல் குறிப்புகள்

ஏப்ரல் 12

ரேடார் பிக்கெட், அதாவது முன்காவல் கப்பல், தன் அணியை விட்டு பல பத்து கடல் மைல் தள்ளித் தனியே நிற்கும். எதிரி விமானத்தை முதலில் பார்த்துச் சொல்வதும், நம் போர் விமானங்களை அதன் மேல் திருப்பிவிடுவதும்தான் அதன் வேலை. முதலில் பார்க்கிறவனுக்குத்தான் முதல் அடியும். 1945இல் இதே நாள், ஜப்பானின் ஓகினாவா தீவு அருகே காவலில் இருந்த அமெரிக்கப் போர்க்கப்பல் மானர்ட் எல். ஏபெல் மீது ஒரு ஜப்பானிய விமானம் மோதியது. மின்சாரம் போயிற்று. சுமார் ஒரு நிமிடத்தில், 1,200 கிலோ வெடிமருந்து சுமந்த ஓகா ராக்கெட் விமானம் வந்து தாக்க, கப்பல் மூழ்கியது.

ஏப்ரல் 16

1945, ஓகினாவா முன்காவல் நிலையம் 1, அமெரிக்கக் கப்பல் லாஃபி. சுமார் 80 நிமிடத்தில் 22 தாக்குதல்கள். சுக்கான் இறுகிவிட்டதால் கப்பல் வட்டமடித்துக்கொண்டே சுட்டது. 32 பேர் இறந்தனர், கப்பல் தப்பியது.

ஏப்ரல் 20

கணக்கு போட்டால்தான் இந்த வேலை புரியும். ஆன்டெனாவின் உயரம் மீட்டரில். அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் ரேடார் அடிவானம் கிலோமீட்டரில் வரும். இலக்குக்கும் அப்படியே போட்டுக் கூட்ட வேண்டும். ஆன்டெனா 25 மீ. என்றால் 20.6. அலையை உரசி 4 மீ. உயரத்தில் வரும் ஏவுகணைக்கு 8.2. ஆக மொத்தம் 29 கி.மீ. நொடிக்கு 315 மீ. வேகத்தில் வந்தால் கையில் இருப்பது 92 நொடி. ரேடாரின் சக்தியைக் கூட்டி இதை நீட்ட முடியாது. பூமி வளைந்திருக்கிறது, அவ்வளவுதான். அதே ரேடாரை 3,000 மீட்டருக்குத் தூக்கினால் 230 கி.மீ.க்கு மேல் தெரியும். பிரிட்டன் அந்த வேலைக்கு வைத்திருந்த கேனட் விமானங்களை 1978இல் ஓய்வுபெற வைத்துவிட்டது.

மே 4

நான்கே ஆண்டில் அதற்கு விலை கொடுத்தார்கள். 1982, அர்ஜென்டினாவுடன் ஃபாக்லாந்து போர், காவலில் பிரிட்டிஷ் கப்பல் ஷெஃபீல்ட். தாக்க வந்த விமானத்தின் ரேடார் அலையைப் பிடிக்கும் கருவி கப்பலில் இருந்தது. ஆனால் அந்த நேரம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி போய்க்கொண்டிருந்தது. அந்த ஒலிபரப்பு கருவியின் காதை அடைத்துவிட்டது. பக்கத்திலிருந்த கிளாஸ்கோ கப்பல் எச்சரித்தும் பயனில்லை. எக்ஸோசெட் ஏவுகணை பாய்ந்ததில் தீயணைப்பு நீர்க்குழாய் உடைய, நெருப்பு எரிகிறது, குழாயில் அழுத்தமில்லை. 20 பேர் இறந்தனர். 10ஆம் தேதி, இழுத்துச் செல்லும்போது மூழ்கியது.

காவலில் எந்தக் கருவி அலை அனுப்பினால் எது செவிடாகும் என்ற பட்டியல் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் தொங்க வேண்டும் என்பது என் கட்சி.

மே 25

அதே 1982 போர். பிரிட்டிஷ் கப்பல்கள் கோவென்ட்ரியும் பிராட்ஸ்வர்டும் ஜோடிக் காவல்: தூரத்துக்கு கோவென்ட்ரியின் ஸீ டார்ட் ஏவுகணை, கிட்டத்துக்கு பிராட்ஸ்வர்டின் ஸீ வுல்ஃப் ஏவுகணை. ஏற்பாடு நல்லதுதான். தாழப் பறந்து வந்த விமானங்களைக் கண்டு கோவென்ட்ரி சட்டென்று திரும்பி, பிராட்ஸ்வர்டின் முன்னால் குறுக்கே வந்தது. குறிவைத்திருந்த ஸீ வுல்ஃப் பிடி விட்டுப்போயிற்று. கோவென்ட்ரி மேல் மூன்று குண்டுகள் விழுந்தன.