வாசிக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தவர்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹாரிஸ்பர்க் பக்கம் குடிவந்து எங்களுக்கு ஒன்பது வருடம் ஆகிறது. யார்க் போகும்போது சில நாள் டோவர் வழியாகப் போவோம். மக்காச்சோள வயல்கள், தேவாலயங்கள், ஒரு சிக்னல். அவ்வளவு சின்ன ஊர். மகளுக்கு இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு, பயாலஜி தொடங்கியிருக்கிறது. போன மாதம் அந்த வழியாகப் போனபோது, "இந்த ஊர் ஸ்கூல்ல ஒரு பெரிய கேஸ் நடந்தது தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு அவள், "அம்மா, நீ டீச்சரா இருந்தப்போ எவல்யூஷன் நடத்தினியா?" என்று கேட்டாள். வீடு வந்து சேரும்வரை என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் டோவர் கதை.

2004-ல் டோவர் ஸ்கூல் போர்டில், அதாவது ஊர்ப் பள்ளிகளை நடத்த மக்கள் தேர்ந்தெடுக்கும் குழுவில், பாடத்திட்டக் குழுவின் தலைவராக இருந்தவர் பில் பக்கிங்ஹாம். ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் ஆசிரியர்கள் கேட்ட உயிரியல் புத்தகம் முழுக்க டார்வினியம் என்று சொல்லி, வாங்க விடாமல் தள்ளிப்போட்டார். பிள்ளைகள் புதுப் புத்தகம் இல்லாமல் காத்திருந்தார்கள். அந்த அக்டோபர் 18 அன்று போர்டு 6-3 என்று வாக்களித்து ஒரு தீர்மானம் போட்டது. டார்வினின் பரிணாமக் கோட்பாட்டில் இடைவெளிகள் இருக்கின்றன, இன்டெலிஜென்ட் டிசைன் என்று வேறொரு விளக்கமும் உண்டு என்று மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். எதிர்த்து வாக்களித்தவர்களில் கேஸி பிரவுனும் அவர் கணவர் ஜெஃப் பிரவுனும் அன்றே ராஜினாமா செய்தார்கள். நீங்கள் மறுபிறப்பு அடைந்த கிறிஸ்தவரா என்று போர்டு உறுப்பினர்கள் தன்னிடம் இரண்டு முறை கேட்டதாகக் கேஸி அப்போது சொன்னார்.

இன்டெலிஜென்ட் டிசைன் என்றால், உயிரினங்கள் தாமாக இப்படி உருவாகியிருக்க முடியாத அளவுக்குச் சிக்கலானவை, அறிவுள்ள ஏதோ ஒன்று வடிவமைத்திருக்க வேண்டும் என்ற வாதம். அந்த "ஏதோ ஒன்று" யார் என்று சொல்ல மாட்டார்கள்.

தீர்மானத்தைத் தொடர்ந்து நான்கு பத்தியில் ஓர் அறிக்கை தயாரானது. வாசிக்க ஒரு நிமிடம்தான் ஆகும். டார்வின் சொன்னது தியரி, உண்மை அல்ல, அதில் ஆதாரமில்லாத இடைவெளிகள் உண்டு, வேறு விளக்கம் வேண்டுமென்றால் 'ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்' என்ற புத்தகம் இருக்கிறது, திறந்த மனதோடு இருங்கள். இதை வாசித்த பிறகு கேள்வி கேட்கக் கூடாது, ஆசிரியர்களும் பதில் சொல்ல மாட்டார்கள். எனக்கு இந்தக் கடைசி விதிதான் தாங்கவில்லை. அறிவியல் வகுப்பில் வைத்தே பிள்ளைகளுக்கு ஒரு சந்தேகத்தைக் கொடுத்துவிட்டு, அதைப் பற்றிக் கேட்காதே என்று சொல்வது!

2005 ஜனவரியில் இதை வாசிக்கச் சொன்னபோது ஆசிரியர்கள் மறுத்தார்கள். மேலிடத்துக்கு எழுத்தில் கொடுத்தார்கள். அதில் சில வரிகளைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்: இன்டெலிஜென்ட் டிசைன் அறிவியல் அல்ல, அது உயிரியல் அல்ல, அறிவியல் ஏற்றுக்கொண்ட கோட்பாடும் அல்ல. நாங்கள் இதை வாசித்தால் பிள்ளைகள் இதையும் அறிவியல் என்றுதான் நம்புவார்கள், தெரிந்தே பாடத்தைத் திரித்துச் சொல்வது எங்கள் தொழில் நெறிக்கு எதிரானது என்றும் எழுதினார்கள். கடைசியில் நிர்வாக அதிகாரிகளே வகுப்புக்கு வந்து வாசித்துவிட்டுப் போனார்கள்.

அதற்குள் பெற்றோர் 11 பேர் நீதிமன்றம் போயிருந்தார்கள். டாமி கிட்ஸ்மில்லர் என்ற தாயின் பெயர் முதலில் இருந்ததால் அது கிட்ஸ்மில்லர் வழக்கு ஆனது. அமெரிக்காவில் இந்தச் சண்டை புதிதில்லை. 1925-ல் டென்னஸியில் பரிணாமம் நடத்தியதற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் போட்டார்கள். 1968-ல் ஆர்கன்சாவின் தடைச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பரிணாமம் நடத்தினால், கடவுள் படைத்தார் என்பதை அறிவியல் போலச் சொல்லும் படைப்பு அறிவியலும் கூடவே நடத்த வேண்டும் என்ற லூசியானா சட்டமும் 1987-ல் விழுந்தது. அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்பது அங்கே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம்.

அந்த 1987 தீர்ப்புதான் டோவரில் பெரிய சாட்சியாக ஆனது. பாண்டா புத்தகத்தின் பழைய வரைவுகள் நீதிமன்றத்துக்கு வந்தன. தத்துவப் பேராசிரியை பார்பரா ஃபாரஸ்ட் அவற்றைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுச் சாட்சி சொன்னார். தீர்ப்புக்கு முந்தைய வரைவுகளில் "படைப்பு" என்று இருந்த இடங்களில், தீர்ப்புக்குப் பிறகு "இன்டெலிஜென்ட் டிசைன்" என்று இருந்தது. சுமார் 150 இடங்களில் சொல் மாறியிருந்தது, விளக்கம் அப்படியே இருந்தது. ஒரு வரைவில் "கிரியேஷனிஸ்ட்ஸ்" (படைப்புவாதிகள்) என்ற சொல்லை முழுதாக அழிக்காமல், அதன் நடுவிலேயே "டிசைன் ப்ரொபோனென்ட்ஸ்" (டிசைன் ஆதரவாளர்கள்) என்று ஒட்டிவிட்டார்கள். முன்னும் பின்னும் பழைய எழுத்துகள் தொங்கிக்கொண்டிருந்தன. விலங்கியல் படித்த எனக்கு அதைப் பார்த்ததும் மலைப்பாம்பின் உடலில் மிச்சமிருக்கும் பின்னங்கால் எலும்புகள்தான் ஞாபகம் வந்தன.

விசாரணை 2005 செப்டம்பர் 26-ல் ஹாரிஸ்பர்க்கில் தொடங்கியது. போர்டு பக்கத்துச் சாட்சி, உயிர்வேதியியல் பேராசிரியர் மைக்கேல் பெஹே, நோய் எதிர்ப்பு மண்டலம் எப்படிப் பரிணமித்தது என்பதற்கு அறிவியலிடம் விடை இல்லை என்ற நிலையில் இருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் 58 ஆய்வுக் கட்டுரைகளையும் 9 புத்தகங்களையும் அவர் முன்னே அடுக்கினார். இவை போதாது என்றார் பெஹே. தியரி என்பதற்கு அவர் கொடுத்த விளக்கப்படி பார்த்தால் ஜோதிடமும் அதற்குள் வருமா என்று கேட்டபோது, வரும் என்று ஒப்புக்கொண்டார்.

நான் அதிகம் திரும்பிப் படித்தது கென்னத் மில்லரின் சாட்சியத்தை. டோவர் ஆசிரியர்கள் கேட்ட அந்தப் பாடப்புத்தகத்தை எழுதியவர்களில் ஒருவர். தேவாலயம் போகிற கத்தோலிக்கர். குரங்கினங்களில் சிம்பன்சி, கொரில்லா போன்றவற்றுக்கு 24 ஜோடி குரோமோசோம், நமக்கு 23. பொது மூதாதை உண்மை என்றால் ஒரு ஜோடி எங்கே போனது? அது தொலைந்திருந்தால் உயிரே பிழைத்திருக்காது. அதனால் இரண்டு ஒட்டி ஒன்றாகியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் தழும்பு இருக்க வேண்டும். குரோமோசோமின் முனையில் மட்டும் இருக்க வேண்டிய, டீலோமியர் என்ற டிஎன்ஏ பகுதி, மனிதனின் இரண்டாவது குரோமோசோமின் நடுவில் இருக்கிறது. செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்க உதவும் பகுதி சென்ட்ரோமியர். ஒன்றுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும், இதில் செயலிழந்த இன்னொன்றின் மிச்சமும் இருக்கிறது. கணித்துச் சொல்லி, தேடிப் பார்த்து, கண்டெடுத்த விஷயம்.

அப்புறம் அந்த 850 டாலர். பாண்டா புத்தகத்தின் 60 பிரதிகள் பள்ளிக்கு நன்கொடையாக வந்திருந்தன. யார் கொடுத்தது என்று விசாரணைக்கு முன்பு கேட்டபோது பக்கிங்ஹாமும், போர்டில் அவரோடு நின்ற ஆலன் பான்ஸெலும் சொல்லவில்லை. பக்கிங்ஹாம் தன் தேவாலயத்தில் பணம் திரட்டி, பான்ஸெலின் அப்பா பெயருக்கு 850 டாலர் செக் எழுதியது பிறகு வெளியே வந்தது. நீதிபதி ஜான் ஜோன்ஸ் முந்தைய வாக்குமூலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, ஏன் முன்பே சொல்லவில்லை என்று பான்ஸெலிடம் தானே குறுக்கு விசாரணை செய்தார். ஜோன்ஸ் குடியரசுக் கட்சிக்காரர், அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர். தீர்ப்பு தங்களுக்குச் சாதகமாக வரும் என்று போர்டு பக்கம் நம்பியவர்கள் உண்டு.

டிசம்பர் 20-ல் 139 பக்கத் தீர்ப்பு வந்தது. இன்டெலிஜென்ட் டிசைன் அறிவியல் அல்ல, படைப்புவாதத்தின் இன்னொரு வடிவம், டோவர் தீர்மானம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது. அதற்கு ஆறு வாரம் முன்பே ஊர் மக்கள் தேர்தலில் போட்டியிட்ட போர்டு உறுப்பினர் எட்டுப் பேரையும் தோற்கடித்திருந்தார்கள். புதிய போர்டு மேல்முறையீடு செய்யவில்லை. பெற்றோர் தரப்பின் வழக்குச் செலவாகப் பள்ளி மாவட்டம் கொடுக்க வேண்டியிருந்தது 10 லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேல். ஜோன்ஸுக்குக் கொலை மிரட்டல் வந்து, குடும்பத்துக்குப் பாதுகாப்புப் போட்டார்கள்.

இப்போது என் பங்கு.

கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் சேர்த்து ஆறு வருடம் தென் தமிழ்நாட்டில் ஒரு தனியார் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுத்தேன். பரிணாமப் பாடம் வந்தபோது தாளாளர் கூப்பிட்டு, "அதை டீட்டெயிலா எடுக்க வேண்டாம் டீச்சர், பிள்ளைங்க தானா படிச்சுக்குவாங்க, முக்கியமான சேப்டரை ரிவிஷன் பண்ணுங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நானும் சரி சார் என்று வந்துவிட்டேன். ஆறு வருடமும் அப்படித்தான். கேட்கப்படும் கேள்விகளைக் குறித்துக் கொடுத்தேன், மனப்பாடம் செய்தார்கள், மார்க் வாங்கினார்கள். என்னை யாரும் எதையும் வாசிக்கச் சொல்லவில்லை, பொய் சொல்லச் சொல்லவில்லை. பேசாமல் இருக்கச் சொன்னார்கள், இருந்தேன். டோவர் ஆசிரியர்களின் கடிதத்தைப் படிக்கும்போதெல்லாம் நான் அந்த அறையில் "சரி சார்" சொன்னது காதில் கேட்கிறது.

மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "அந்த ஸ்டூடண்ட்ஸ்கிட்ட இப்ப சொல்லலாமே" என்றாள்.

பழைய மாணவிகளின் வாட்ஸப் குழுவில் நீளமாக எழுதிப் போட்டேன். நிறையப் பேர் இதயம் போட்டார்கள். ஒருத்தி மட்டும் தனியாகச் செய்தி அனுப்பினாள். அவள் இப்போது சிபிஎஸ்இ பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். "மிஸ், எங்க புத்தகத்துல மரபும் பரிணாமமும்னு இருந்த பாடம் இப்ப வெறும் மரபுன்னு ஆயிடுச்சு. என் பிள்ளைங்க பாதிப் பேர் பதினொண்ணாம் வகுப்புல பயாலஜி எடுக்க மாட்டாங்க. அவங்க வாழ்க்கையில இதைக் கேட்கவே மாட்டாங்க. நானா ஒரு பீரியட் எடுத்தா தப்பாகுமா?"

ஞாயிற்றுக்கிழமை இரவு, அங்கே திங்கள் விடியற்காலை, இருவரும் பேசினோம். அவள் ஸ்கூல் பஸ் வருவதற்குள் இரண்டாவது குரோமோசோமை முடித்தோம். எழுதிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தி, "டீலோமியர் முனையிலதானே இருக்கணும், நடுவுல எப்படி மிஸ்?" என்றாள்.