யானையும் தனியனும்

அமெரிக்காவின் ஒகையோவுக்கு வந்த புதிதில், வேலைக்குச் சேர்ந்த களஞ்சியத்தின் வாகனத் தரிப்பிடத்தில் ஒரு பிக்கப்பின் பின்பக்கத்தில் யானைப் படம் ஒட்டியிருப்பதைக் கண்டு, எங்கள் இலங்கையின் யானைச் சின்னக் கட்சியான யூ.என்.பி. இங்கேயும் வந்துவிட்டதா என்று ஒரு கணம் நின்றுவிட்டேன். வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கத்தில் பிறந்தவனுக்கு யானை இரண்டு வகைதான்: ஒன்று சுவரொட்டியில் வரும், மற்றது வயலுக்குள் வரும். அமெரிக்காவின் குடியரசுக் கட்சிக்கும் யானையே சின்னம் என்பதை அன்று மதியம் அந்த பிக்கப்பின் சொந்தக்காரரே விளக்கினார். அறுபது வயதைத் தாண்டிய, நல்ல மனிதர். என்னுடைய முதல் பனிக்காலத்தில் தன் மகனுடைய பழைய சப்பாத்துகளைக் கொண்டுவந்து தந்தவர். கட்சியைத் தெரிந்தால் ஆளைத் தெரியும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. 2016 இல் டிரம்ப் வென்ற தேர்தல் முடிந்த மறுநாள், "றேகன், இரண்டு புஷ், இப்போது இவர், எல்லாம் ஒரே வழிதான், நீ ஒன்றுக்கும் யோசிக்காதே" என்று தோளில் தட்டினார். நானும் யோசிக்கவில்லை. வாடகை வீடு, பனி அள்ளுகிற சவள், நூலகத்தில் மாலை வேளைக் குடியுரிமை வகுப்பு என்று நன்றாகவே வேரூன்றிவிட்டதாக அப்போது எண்ணிக்கொண்டிருந்தேன்.

2017 நவம்பர் 1 ஆம் திகதி, சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சியில் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. முதல் நாள் நியூயோர்க்கில் ஒருவன் பாரவண்டியை ஏற்றி எட்டுப் பேரைக் கொன்றிருந்தான். வெளிநாட்டவரைக் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்து வதிவிட விசா கொடுக்கும் விசாக் குலுக்கலில் அவன் வந்தவன் என்பதால் அந்தக் குலுக்கலையே ஒழிக்கவேண்டும் என்று சனாதிபதி டிரம்ப் கூறியிருந்தார். மேசையில் இருந்த ஏழெட்டுப் பேரில் அந்தக் குலுக்கலில் வந்தவன் நான் ஒருவனே. வவுனியாவில் ஒரு நெற் கபேயில், படத்தின் அளவு சரியில்லை என்று கணினி மூன்று முறை திருப்பி அனுப்பிய பின்னர், நான்காம் முறை ஏற்றுக்கொண்ட விண்ணப்பம் அது. "சுவீப் டிக்கெட் எடுத்து நாடு போறியோ" என்று, அதை லொத்தர்ச் சீட்டாக்கி, மாமா அப்போது வயிறு குலுங்கச் சிரித்தார். பிக்கப்காரர் என் பக்கம் திரும்பி, "உன்னைச் சொல்லவில்லை" என்றார். அவர் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்; அதுவரை வேறு எவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் குலுக்கலுக்கு இடமளித்த சட்டத்தில் 1990 நவம்பரில் கையெழுத்திட்டவர் மூத்த புஷ், யானைக் கட்சிக்காரர். ஆண்டுக்கு 55,000 பேர் வரை எடுக்க வழி செய்த சட்டம் அது. அவருக்கு முன்னிருந்த றேகன், 1986 இல், பத்திரமில்லாமல் தங்கியிருந்தவர்களில் ஏறத்தாழ 27 இலட்சம் பேருக்கு வதிவிட உரிமை கிடைக்கச் செய்த சட்டத்துக்கு ஒப்பமிட்டவர். அகதிகளின் வருடாந்த உச்சவரம்பைச் சனாதிபதியே தீர்மானிக்கலாம் என்பதால் அதில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும்: இளைய புஷ் காலத்தில் 70,000 முதல் 80,000 வரை நின்ற எண், அதே கட்சிக்காரரான டிரம்பின் கையில் 2018 நிதியாண்டுக்கு 45,000 ஆகவும் 2020 க்கு 18,000 ஆகவும் இறங்கியது. அதற்காக பிக்கப்காரரை முழுப் பிழை என்றும் சொல்லமாட்டேன், ஏனென்றால் வரி என்று வந்தால் அவர்கள் ஒரே குடும்பம். றேகன் 1981 இல் குறைத்தார், இளைய புஷ் 2001 இல் குறைத்தார், டிரம்ப் 2017 டிசம்பரில் குறைத்தார். புதிய வரி இல்லை என்று 1988 இல் வாக்குக் கொடுத்துவிட்டு 1990 இல் வரியைக் கூட்டிய மூத்த புஷ் இடையில் முறித்தவர், அதை பிக்கப்காரர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

1990 என்றால் அவருக்கு வரி. எனக்கு அது, போரில் வன்னிக்கு வரும் ஏ9 வீதி மூடி, சாமான்களுக்குத் தடை விழுந்த ஆண்டு. களஞ்சியத்தின் சாமான் இறக்கும் பகுதியில் பனிக்காலத்தில் ஒரு மண்ணெண்ணெய்ச் சூடாக்கியை வைப்பார்கள். அதன் மணம் மூக்கில் ஏறியதும் கையில் இருக்கும் பெட்டி யாருக்குப் போகவேண்டியது என்பது மறந்துவிடும். பெற்றோலைக் கண்ணால் காண முடியாத அந்தக் காலத்தில், மாமா தன்னுடைய மோட்டார் சைக்கிளின் காபரேற்றருக்குள் பழைய சேலைன் போத்தலிலிருந்து நாலு துளி பெற்றோலைச் சொட்டவிட்டு உதைத்து, இயந்திரம் பிடித்துக்கொண்டதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டு, வெள்ளைப் புகையோடு சந்திக்குப் போவார். சீற்றில் பின்னால் இருந்துபோன எனக்குப் பள்ளிக்கூடத்தில் எவரும் பக்கத்தில் இருக்க இடம் தரமாட்டார்கள். 1994 இல் யானைக் கட்சியின் ஆட்சி போய்க் கதிரைச் சின்னக் கூட்டணியின் ஆட்சி வந்தது. கட்சி மாறிவிட்டது, இனிச் சாமான் வரும் என்று சங்கக்கடை வாசலில் பேசிக்கொண்டார்கள். இடையில் சில மாதம் தளர்ந்ததே தவிர, 2002 வரை தடை தடையாகவே இருந்தது. கட்சி மாறியும் தொடர்ந்த ஒன்றைப் பார்த்து வளர்ந்தவனிடம், கட்சி மாறாததால் எல்லாம் தொடரும் என்று ஒருவர் ஒகையோவில் தோளில் தட்டிச் சொல்கிறார்.

அந்த வாரம் மாமாவே தொலைபேசி எடுத்தார்.

"உன்ரை சுவீப்பை நிப்பாட்டப் போறாராம் எண்டு ரேடியோவிலை சொன்னாங்கள், மெய்யே?"

"அதுக்கு அவையின்ரை காங்கிரஸ் சட்டத்தை மாத்தவேணும், மாமா. வந்து சேந்த ஆக்களுக்கு ஒண்டும் நடவாது."

"அதைக் கொண்டுவந்த ஆள் எந்தக் கட்சி?"

"இதே கட்சிதான். யானை."

மறுமுனையில் நெடுநேரம் சிரித்தார். "கூட்டமா வாற யானைக்கு ஒரு தடம் இருக்கு தம்பி, எங்கை நிண்டு மறிக்கலாம் எண்டு எங்களுக்குத் தெரியும். கதிரையிலை ஏறினாப் பிறகு எல்லாம் கூட்டத்தை விட்டுப் பிரிஞ்ச தனியன் யானைதான். அதுவும் கூட்டத்துக்குள்ளை பிறந்ததுதான், ஆனால் அது போன பிறகுதான் அதின்ரை தடத்தைப் பாக்கலாம்."

பின்னர் அவருக்குப் பிடித்த உதாரணத்துக்குப் போனார். 1987 இல் இந்தியாவோடு ஒப்பந்தம் எழுதி இந்திய இராணுவத்தை வரவழைத்தவர் அப்போதைய இலங்கைச் சனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனா, 1989 இல் அதே யானைச் சின்னத்தில் அவருக்குப் பின்வந்த பிரேமதாசா, அந்த இராணுவம் போகவேண்டும் என்று நின்று 1990 மார்ச்சுக்குள் அனுப்பிவைத்தார். மாமாவுக்கு அரசியல் இவ்வளவுதான், ஆனால் இந்த அளவை அவர் எந்த நாட்டுக்கும் வைத்துப் பார்ப்பார். நான் வரிக் கதையைச் சொல்லி மறுக்கப் பார்த்தேன். "வரி கட்டுறவன் கதைக்கட்டும்" என்று வெற்றிலையைத் துப்பிவிட்டு, மழை பிந்திவிட்டது என்ற பேச்சுக்குத் தாவினார்.

காங்கிரஸ் அப்போது இணங்கவில்லை, குலுக்கல் நின்றுவிடவில்லை. 2018 ஜனவரியில் ஒரு காலை என்னுடைய குடியுரிமை நேர்முகம். அப்போது நூறு கேள்விகளைப் படித்துக்கொண்டு போனால் பத்து வரை கேட்டார்கள், ஆறு சரியானால் போதுமாயிருந்தது. நாலாவதாக வந்தது, இப்போதைய சனாதிபதியின் அரசியல் கட்சி எது என்ற கேள்வி. வகுப்பில் எல்லோரும் இலகு என்று தாண்டிப்போன கேள்வி அது. ஒரு சொல்லில் பதில் சொன்னேன். அதிகாரி தலையைக்கூட நிமிர்த்தாமல் சரி போட்டார். அந்த ஒரு சொல்லில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது.

வெளியே வந்து, கையுறையைக் கழற்றிவிட்டு மாமாவுக்கு எடுத்தேன். எனக்குக் காலை பத்தரை, அங்கே இரவு ஒன்பது. காலபோக நெல் முற்றிப் பால் இறுகிய நாட்கள் ஆகையால் அவர் வயல் பரணில் இருந்தார். சித்தியடைந்துவிட்டேன் என்று சொல்லி முடிப்பதற்குள் தகரம் அடிக்கும் சத்தமும் யாரோ கூக்குரலிடுவதும் கேட்டன, தொடர்ந்து ஒரு யானை வெடி.

"கிழக்காலை பாத்துக்கொண்டு நிண்டம், அது குளத்துப் பக்கத்தாலை இறங்கியிட்டுது. பிறகு எடு தம்பி" என்றார் மாமா. தொடர்பு அறுந்தது.